பழைய லேத்துக்கு 2 எச்பி மோட்டர் பூட்டலாமா?

கேள்வி, ஒட்டுசுட்டானிலிருந்து. 4 பெப்ரவரி 2024

அண்ணை, அப்பா பாவித்த மைஃபோர்ட் எம்.எல்.7 லேத்தை வைத்து பம்ப் ஷாஃப்ட், புஷ், பின் எல்லாம் கடைந்து கொடுக்கிறேன். மோட்டர் அரை எச்பி (குதிரைவலு), சிங்கிள் பேஸ். கொஞ்சம் ஆழமாக வெட்டினால் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. அறுவடை நேரம், வேலை குவிந்து கிடக்கிறது. கடையில் 2 எச்பி ஒன்றைப் பூட்டினால் எல்லாம் தீரும் என்கிறார்கள். எடுக்கலாமா?

4 பெப்ரவரி, இரவு

தம்பி, இப்போதைக்குக் காசைக் கையிலேயே வையுங்கள். எம்.எல்.7 சின்ன லேத். லேத்தின் படுக்கைக்கு, அதாவது நீண்ட அடித்தளத்துக்கு, மேலே சுழலக்கூடிய விட்டம் 7 அங்குலம்தான். அதைச் செய்தவர்களே மூன்றிலொன்று, அரை எச்பி மோட்டருக்கென்றுதான் செய்தார்கள். 2 எச்பி என்பது அதைப் போல நாலு மடங்கு.

முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் நிற்கிறது, காலையிலா பின்னேரத்திலா? நிற்கும்போது மோட்டர் உறுமுகிறதா, அல்லது மோட்டர் ஓடிக்கொண்டிருக்க சக் (இரும்பைப் பிடித்துச் சுற்றும் தலை) மட்டும் நிற்கிறதா? மோட்டர் டேர்மினலில் மீட்டரை வைத்து, வெட்டிக்கொண்டிருக்கும்போது எத்தனை வோல்ட் காட்டுகிறது? லேத் சும்மா நிற்கும்போது எடுத்த அளவு எனக்கு வேண்டாம். அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

5 பெப்ரவரி

வோல்ட்டேஜ் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். விளக்கமாகவே எழுதுகிறேன். வன்னியில் பாதிப் பட்டறையின் நோய் இதுதான்.

இண்டக்‌ஷன் மோட்டரின் (லேத்துக்குப் பூட்டுவது இந்த வகைதான்) முறுக்குவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230 வோல்ட்டுக்குச் செய்த மோட்டருக்கு 190 வோல்ட் கொடுத்தால், வோல்ட்டேஜ் 17 வீதம் குறைந்தது என்றுதான் மேலோட்டமாகத் தெரியும். முறுக்குவிசை கிட்டத்தட்ட 68 வீதத்துக்கு இறங்கிவிடும். மூன்றிலொரு பங்கு போய்விட்டது! அரை எச்பி மோட்டர் அந்த நேரத்தில் மூன்றிலொரு எச்பி போலத்தான் இழுக்கும்.

என் பட்டறை கிளிநொச்சிப் பக்கம், வட்டக்கச்சி தாண்டி. ட்ரான்ஸ்போமரிலிருந்து வரும் லைனின் கடைசிக் கம்பம் எங்கள் ஒழுங்கையில். தை, மாசியில் நெல் ஆலைகள் ஓடத் தொடங்கினால் பின்னேரம் விளக்கே மஞ்சளாகிவிடும். காலையில் 225 காட்டும் மீட்டர் இரவு 7 மணிக்கு 190க்குக் கிட்ட நிற்கும். அதனால் பெரிய விட்டம் கடைகிற வேலையை நான் விடியவே முடித்துவிடுவேன். பின்னேரத்தில் அரம் போடுவது, துளைப்பது, கணக்கு எழுதுவது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சிங்கிள் பேஸ் கப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டருக்குள் ஒரு சென்றிபியூகல் சுவிட்ச் (சுழலும் வேகத்தில் தானே விடும் சுவிட்ச்) இருக்கும். மோட்டர் தன் வேகத்தில் முக்கால் பங்குக்கு வந்ததும் அது "டிக்" என்று விட்டு, ஸ்டார்ட் வைண்டிங்கைக் கழற்றிவிட வேண்டும். வோல்ட்டேஜ் இல்லாவிட்டால் அந்த வேகத்துக்கு வரவே நேரம் எடுக்கும். அதுவரை ஸ்டார்ட் வைண்டிங் சூடேறிக்கொண்டே இருக்கும். சுவிட்சைப் போட்டதும் அந்த "டிக்" சத்தம் எப்போது கேட்கிறது என்று காது கொடுங்கள். ஒரு வினாடியைத் தாண்டினால் நல்லதல்ல. கேட்கவே இல்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

இந்த நிலையில் 2 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டரைப் பூட்டினால் அது கிளம்பும்போது அரை எச்பியைவிட மூன்று நாலு மடங்கு கரண்ட் இழுக்கும். வோல்ட்டேஜ் இன்னும் விழும். பக்கத்து வீட்டு டிவியும் சேர்ந்து கண் சிமிட்டும்.

6 பெப்ரவரி

வவுனியாவில் வாங்குவதா யாழ்ப்பாணத்திலா என்று கேட்டவருக்கு: எங்கே வாங்கினாலும் மோட்டரின் தகட்டை வாசித்துவிட்டு வாங்குங்கள். தகடு இல்லாத மோட்டர் எனக்கு இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

9 பெப்ரவரி

ஒட்டுசுட்டான் தம்பி அளந்து எழுதியிருக்கிறார். கைகொடுக்க வேண்டும், வடிவாக அளந்திருக்கிறார். வீட்டு போர்டில் 219 வோல்ட். மோட்டர் நின்றுபோகும் கட்டத்தில் மோட்டர் டேர்மினலில் 201. வீட்டிலிருந்து கொட்டிலுக்கு வயர் 60 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர்.

சரி, கணக்குப் பார்ப்போம். 2.5 செம்பு வயர் ஒரு மீட்டருக்குச் சுமார் 7.4 மில்லி ஓம். போக 60, வர 60, மொத்தம் 120 மீட்டர். கிட்டத்தட்ட 0.9 ஓம். மோட்டர் திணறும்போது 20 அம்பியர் இழுத்தால் 18 வோல்ட் வயரிலேயே போகிறது. 219இலிருந்து 18ஐக் கழித்தால் 201. மீட்டரும் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 6 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால் அந்த இழப்பு ஏழு, ஏழரை வோல்ட்டுக்கு இறங்கும். மோட்டரைத் தொடாமலே கிடைக்கிற லாபம் இது.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்: சில வேளை மோட்டர் ஓட, சக் நிற்கிறது. அப்படியென்றால் பெல்ட் வழுக்குகிறது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளத்தால் அது முடிந்த பெல்ட். பிறகு புல்லியின் பள்ளத்துக்குள் பாருங்கள். வி பெல்ட் இரண்டு பக்கச் சுவரில்தான் பிடிக்க வேண்டும், அடியில் தொடவே கூடாது. பள்ளத்தின் அடித்தளத்தில் துருவோ பழைய பெயின்றோ இருந்தால் நல்ல புல்லி. அடித்தளம் மினுங்கினால் பெல்ட் கீழே போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பெல்ட் தேய்ந்து மெலிந்திருக்கும், அல்லது பள்ளம் அகன்றிருக்கும். பெல்ட் புதிதாகப் போட்டும் அடி மினுங்கினால் புல்லியைக் கடைந்து எடுக்க வேண்டும்.

இறுக்கி இறுக்கி ஓட்டுவது மருந்தல்ல. எம்.எல்.7இன் ஸ்பிண்டில், அதாவது சக் ஏறும் அச்சு, வெள்ளை உலோக பெயரிங்கில் ஓடுகிறது. பெல்ட்டை வீணை நரம்பு மாதிரி இழுத்துக் கட்டினால் அதுதான் தேயும்.

13 பெப்ரவரி

"பெரிய மோட்டர் இருந்தால் என்ன கேடு, தேவையான அளவுதானே இழுக்கும்" என்று பரந்தனிலிருந்து ஒருவர். நியாயமான கேள்வி. சாதாரணமாக ஓடும்போது அது சரிதான். டூல் இரும்பில் கொளுவிக்கொள்ளும் அந்த ஒரு கணத்தில்தான் வித்தியாசம் தெரியும். அரை எச்பி மோட்டர் என்றால் உறுமிவிட்டு நிற்கும், அல்லது பெல்ட் வழுக்கும். 2 எச்பி என்றால் நிற்காது. எங்கே பலவீனமோ அங்கே உடைத்துக்கொண்டு போகும். பெரும்பாலும் பேக் கியரின் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பல்சக்கரம்) ஒரு பல். மோட்டர் இன்றைக்கும் வாங்கலாம், அந்தக் கியரை எங்கே போய்த் தேடுவது?

என் மாமாதான் எனக்கு இந்த வேலை பழக்கியவர். சண்டைக்காலத்தில் எங்கள் பக்கம் லைன் கரண்ட் இல்லை. அவருடைய லேத் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெசின்) எஞ்சினில் ஓடியது. எஞ்சினைக் கொட்டிலுக்கு வெளியே நிறுத்தி, தட்டைப் பெல்ட்டை வேலித் தகரத்தில் வெட்டிய ஓட்டையால் உள்ளே எடுத்திருந்தார். டீசல் கிடையாத நாளில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவார். அந்த எஞ்சின் லேத்துக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பெரிது. ஆனாலும் ஒரு கியர் பல்கூட உடைந்து நான் பார்க்கவில்லை. காரணம் அந்தத் தட்டைப் பெல்ட். டூல் கொளுவினால் "சர்ர்" என்று கழன்று விழும், மாமா பீடியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப மாட்டுவார். பெல்ட்டைத் தளர்வாகவே வைத்திருப்பது அவருடைய ஒழுங்கு. இறுக்கச் சொன்னால் ஏசுவார்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நேரம் அந்த எஞ்சினைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். டீசலுக்கும் வரிசை என்றதும்தான் விட்டார்.

நான் சொல்ல வந்தது: மோட்டரைப் பெரிதாக்கினால் வழுக்குகிற இடம் ஒன்றை எங்காவது வைத்திருக்க வேண்டும்.

18 பெப்ரவரி

"அப்படியென்றால் நீங்கள் என்ன பூட்டியிருக்கிறீர்கள்?" என்று பலர் கேட்டாயிற்று.

1 எச்பி, அதாவது 0.75 கிலோவாட், த்ரீ பேஸ், நாலு போல் மோட்டர். 50 ஹேர்ட்ஸில் தகட்டில் நிமிடத்துக்கு 1400 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போட்டிருக்கும். என் லேத் தம்பியுடையதைவிடப் பெரியது, முன்பும் 1 எச்பிதான் இருந்தது. ஆகவே வலுவைக் கூட்டவில்லை. மோட்டரின் வகையைத்தான் மாற்றினேன். வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ். நடுவில் ஒரு வி.எஃப்.டி. (ஹேர்ட்ஸை மாற்றி மோட்டரின் வேகத்தை ஆளும்) பெட்டி. 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ பேஸாக்கிக் கொடுக்கிறது.

என்ன கிடைத்தது? கிளம்பும்போது லைனை உலுப்புவதில்லை. மெதுவாக வேகம் எடுக்கும், வீட்டு விளக்கு அசையாது. சென்றிபியூகல் சுவிட்ச் இல்லை, ஸ்டார்ட் கப்பாசிட்டர் இல்லை, எரிய ஒன்றும் இல்லை. மரை வெட்டும்போது வேகத்தைக் குமிழால் குறைக்கலாம், கடைசியில் 2 வினாடியில் நிற்கும்படி வைக்கலாம். எல்லாவற்றையும்விட, கடைந்த மேற்பரப்பு மாறிவிட்டது. சிங்கிள் பேஸ் மோட்டர் ஒவ்வொரு சுற்றிலும் துடிக்கும். அந்தத் துடிப்பு மெல்லிய வரிவரியாக ஷாஃப்ட்டில் விழும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். த்ரீ பேஸில் அது இல்லை. பம்ப் சீல் உட்காரும் இடத்தை இப்போது எமரி போடாமலே கொடுக்கிறேன்.

மோட்டர் எடுக்கும்போது தகட்டில் 230/400 என்று இருக்க வேண்டும். 230 டெல்டாவுக்கு, 400 ஸ்டாருக்கு; இவை வைண்டிங்கை இணைக்கும் இரண்டு முறைகள். கடையிலிருந்து வரும்போது அநேகமாக ஸ்டாரில் இருக்கும், டேர்மினல் பெட்டிக்குள் மூன்று முனை ஒரே வரிசையில் பித்தளைத் தகடால் இணைத்திருக்கும். அந்தத் தகடுகளைக் கழற்றி மேலும் கீழுமாக, சோடி சோடியாகப் போட்டால் டெல்டா. ஸ்டாரிலேயே விட்டால் மோட்டர் சுற்றும், இழுக்காது. "வி.எஃப்.டி. போட்டேன், வலு இல்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். தகட்டில் 400/690 இருந்தால் அந்த மோட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

பொருத்துவது பற்றி. 0.75 கிலோவாட் நாலு போல் மோட்டர் 80 பிரேமில் வரும். கீழ்த்தளத்திலிருந்து ஷாஃப்ட் நடு வரை 80 மில்லிமீட்டர், ஷாஃப்ட் 19 மில்லிமீட்டர், கீ (புல்லி வழுக்காமல் பிடிக்கும் ஆப்பு) 6. பழைய இங்கிலிஷ் மோட்டர் ஷாஃப்ட் ஐந்தெட்டு அங்குலம், அதாவது 16க்குக் கொஞ்சம் குறைவு. பழைய புல்லியை 19க்குக் கடைந்து புதுக் கீ வெட்ட வேண்டும். இதை யோசித்துச் செய்யுங்கள்: பழைய மோட்டரைக் கழற்றிவிட்டால் புல்லியைக் கடைய லேத் இல்லை! வேறு புல்லி ஒன்றைத் தேடி, பழைய மோட்டர் ஓடும்போதே கடைந்து வைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள்.

தம்பிக்கு 0.55 கிலோவாட் போதும். அதுவும் 80 பிரேம்தான், அதே 19 ஷாஃப்ட். அரை எச்பிக்குச் சமனான 0.37 என்றால் 71 பிரேம், 14 ஷாஃப்ட்.

20 பெப்ரவரி

வவுனியா அண்ணர் எழுதியது உண்மை. வி.எஃப்.டி. இல்லாமல் கப்பாசிட்டர் ஒன்றை மட்டும் போட்டும் த்ரீ பேஸ் மோட்டரை ஓட்டலாம். டெல்டாவில் கட்டி, கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோஃபராட் என்று எங்களவர் காலாகாலமாகச் செய்கிற வேலை. 0.75க்கு 50 போல வரும். ரன் கப்பாசிட்டர்தான் போட வேண்டும், 450 வோல்ட். ஸ்டார்ட் கப்பாசிட்டரைத் தொடர்ந்து ஓடவிட்டால் வெடிக்கும். ஆனால் கிளம்பும் வலு குறைவு, சுமை மாறினால் ஒரு வைண்டிங் அதிகம் சூடாகும். தீட்டுக்கல்லுக்கும் சின்ன விசிறிக்கும் சரி. லேத்துக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

மின்சார சபைக்கு எழுதி த்ரீ பேஸ் இணைப்பே எடுப்பது இன்னொரு வழி. வெல்டிங் பிளாண்டும் பெரிய அரிவு மெசினும் வைத்திருப்பவர் அதைத்தான் செய்ய வேண்டும்.

21 பெப்ரவரி

சிங்கிள் பேஸ் மோட்டரையே வி.எஃப்.டி.யில் கொளுவலாமா? வேண்டாம். மோட்டரும் த்ரீ பேஸாக இருக்க வேண்டும்.

26 பெப்ரவரி

18ஆம் திகதி நிறுத்தத்துக்கு 2 வினாடி என்று எழுதினேன். தம்பி, உங்கள் லேத்துக்கு அந்த எண்ணை எடுக்க வேண்டாம். என் லேத்தில் சக் ஸ்பிண்டிலின் தட்டோடேயே போல்ட்டில் இறுகியிருக்கிறது. எம்.எல்.7இல் சக் ஸ்பிண்டில் மூக்கில் மரையில்தான் ஏறுகிறது, ஒன்றேகால் அங்குலத்துக்கு எட்டிலொன்று குறைவு, அங்குலத்துக்கு 12 மரை. ஸ்பிண்டிலைச் சட்டென்று நிறுத்தினால் சக் தன் வேகத்திலேயே சுற்றி மரை கழன்று வரும். பாரமான நாலு தாடைச் சக் ஒன்று ஓடுகிற வேகத்தில் கழன்று காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. நிறுத்தும் நேரத்தை 6, 8 வினாடி வைத்து, சக்கைப் பார்த்துச் சரிப்படுத்துங்கள். பின்பக்கம் சுற்றும் பொத்தானை இணைக்கவே வேண்டாம். வி.எஃப்.டி. அமைப்பில் பின்சுற்றைத் தடுத்துவிடலாம்.

வேகத்திலும் ஒரு எல்லை. 60 ஹேர்ட்ஸுக்கு மேலே போகாதீர்கள், அந்த வெள்ளை உலோக பெயரிங்குக்காகச் சொல்கிறேன். கீழே 20க்கு இறங்கி நெடுநேரம் வெட்டாதீர்கள். மோட்டரின் விசிறி அதன் ஷாஃப்ட்டிலேயே இருக்கிறது, மோட்டர் மெதுவானால் காற்றும் குறையும். 15 ஹேர்ட்ஸில் முறுக்குவிசை அதேதான், வலு 30 வீதம்தான். பெரிய விட்டத்துக்கு இன்னும் பேக் கியர்தான் வேண்டும்.

27 பெப்ரவரி

விட்டுப்போனது. வி.எஃப்.டி.க்கும் மோட்டருக்கும் நடுவில் சுவிட்ச் எதுவும் பூட்டாதீர்கள். பழைய சுவிட்சை அதன் கட்டுப்பாட்டு டேர்மினலுக்குக் கொண்டுபோங்கள். கரண்டை நிறுத்திய பிறகும் உள்ளே 325 வோல்ட் வரை நிற்கும், பத்து நிமிடம் கழியாமல் மூடியைத் திறக்கக் கூடாது. ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழுந்தால் வி.எஃப்.டி.யின் ஃபில்டர் நிலத்துக்குக் கசியவிடும் கரண்டும் காரணமாக இருக்கலாம். அதற்காக எர்த் வயரைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரும்பு மெசினில் ஈரக்கையோடு நிற்கிறோம்.

2 மார்ச்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த ஜப்பான் மோட்டர் ஒன்று கிடைத்திருக்கிறதாம், 200 வோல்ட் த்ரீ பேஸ், மூன்றே வயர். நல்ல சாமான், எடுக்கலாம். வி.எஃப்.டி. அமைப்பில் மோட்டர் வோல்ட்டேஜ் 200, அடிப்படை 50 ஹேர்ட்ஸ் என்று கொடுங்கள். 230ஐ அப்படியே விட்டால் சும்மா ஓடும்போதே சூடாகும். 100 வோல்ட் சிங்கிள் பேஸும் அதே குவியலில் கிடக்கும், பார்த்து எடுங்கள்.

பாவித்த மோட்டர் எதுவானாலும் 500 வோல்ட் மெகரால் (கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) வைண்டிங்குக்கும் உடலுக்கும் நடுவே பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே என்றால் ஓட்டாதீர்கள். மாரி முழுக்க மூலையில் கிடந்த மோட்டர் என்றால் மூடியைக் கழற்றி, உள்ளே 100 வாட் பல்ப் ஒன்றை எரியவிட்டு இரண்டு நாள் காயவைத்துத் திரும்பப் பாருங்கள். பல தடவை அதுவே போதும்.

8 மார்ச்

குளவி! இதை யாரும் எழுதவில்லை. காற்று ஓட்டை திறந்த பழைய மோட்டர்களில் குளவி மண்கூடு கட்டும். போன கிழமை முறிகண்டிப் பக்கமிருந்து வந்த ஒரு மோட்டர் "இழுக்கவில்லை" என்று வந்தது. மூடியைக் கழற்றினால் சென்றிபியூகல் சுவிட்சின் தகட்டுக்கும் உடலுக்கும் நடுவில் சிவப்பு மண்ணால் நாலு அறை, ஒவ்வொன்றிலும் சிலந்தி அடைத்து வைத்திருக்கிறது. தகடு நகர வழியில்லை. கூட்டைச் சுரண்டி, தொடுமுனையை அரத்தாளால் துடைத்து, 6203 பெயரிங் இரண்டும் மாற்றிக் கொடுத்தேன். வந்தவர் புது மோட்டர் வாங்கக் காசு கொண்டுவந்திருந்தார்.

வி.எஃப்.டி.யை லேத்தின் மேலே பூட்ட வேண்டாம். இரும்புத் தூள் விசிறியால் உள்ளே போகும். சுவரில், மூடிய பெட்டிக்குள், கீழே காற்று ஓட்டைக்கு மெல்லிய வலை அடித்து. பல்லி உள்ளே போனால் பல்லியும் போகும், வி.எஃப்.டி.யும் போகும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கிட்ட வைத்தால் சூட்டில் தானே நின்றுவிடும், தலை உயரத்துக்குக் கீழே வையுங்கள்.

24 மார்ச்

தம்பி 6 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, பெல்ட் மாற்றி, புல்லிப் பள்ளத்தையும் கடைந்துவிட்டார். பழைய அரை எச்பி மோட்டரே பம்ப் ஷாஃப்ட்டை நிற்காமல் இழுக்கிறதாம், பின்னேரத்திலும். அறுவடை வேலையை அதிலேயே முடித்துவிட்டார். எனக்குப் பெரிய சந்தோசம்.

இனி 0.55 த்ரீ பேஸும் வி.எஃப்.டி.யும் வாங்குவதாக எழுதியிருக்கிறார். அவசரமில்லை, ஆனால் வாங்குங்கள். மேற்பரப்புக்காகவே வாங்கலாம். சிறுபோகம் தொடங்க முன் பூட்டினால் பழக நேரம் இருக்கும்.

25 மார்ச்

கழற்றுகிற அரை எச்பி மோட்டரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். பழைய இரும்புக்குப் போடாதீர்கள். செம்பு வைண்டிங், இன்னும் நல்லாயிருக்கிறது. கப்பாசிட்டரை மாற்றி, துளைக்கும் மெசினுக்கு வையுங்கள். அடித்தட்டு வைத்துப் பூட்டும் வேலை இருந்தால் எனக்கு எழுதுங்கள், பேஸ் பிளேட்டின் அளவு தருகிறேன். பழைய கப்பாசிட்டரைக் கையால் தொடுமுன் 100 வாட் பல்ப் ஒன்றை இரண்டு முனையிலும் வைத்து இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூட்ரைவரால் தட்ட வேண்டாம்.